பாரி நாயனத்தின் சக்கரவர்த்தி
திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை

திருக்கோவிலின் மணியோசைக்கு அடுத்தபடியாக நம் செவிக்குப் பழகிய மங்கல ஒலி எதுவென்று கேட்டால், நாதஸ்வரம் என்றே நம்மில் யாவரும் விடை கூறுவோம். குழந்தைக்குக் காது குத்தும் வைபவத்திலும், மணவறையில் தாலி ஏறும் நல்வேளையிலும், அம்பாள் தேரேறி வீதி வலம் வரும் திருநாளிலும் நாயனமும் தவிலும் ஒலித்தாலன்றி நமக்கு நிறைவு உண்டாவதில்லை. கினிகத்தேனையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் மாரியம்மன் திருவிழாக் காலத்தில் தேயிலை மலைகளுக்கிடையே எழுந்து, எதிர் மலையில் பட்டுத் திரும்பும் அந்த நாயன ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஆயினும், ஓசையைப் போற்றும் நாம் அதனை ஊதுகின்ற மனிதரை எவ்வளவு போற்றியிருக்கின்றோம்? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே, அமரர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவர்களின் வரலாற்றை இம்மலரில் எழுத முற்பட்டோம். பெரியோர் பலர் அவருடைய இசைத்தட்டுக்களைக் கேட்டு மகிழ்ந்தவர்கள். இளைஞரோ அவருடைய பெயரை மட்டுமே கேள்வியுற்றிருக்கலாம். இரு சாராரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் அப்பெருமகனாரின் வாழ்வில் உண்டு. அவற்றுள் தலையாயது, உரத்துக் கூவிய ஒரு வாத்தியத்தை ஆழ்ந்து பேசும் வாத்தியமாக அவர் உயர்த்திய கதையாகும்.

பிறப்பும் இளமையும்

சோழவள நாட்டிலே, நாகபட்டினத்துக்கு அண்மையில் திருமருகல் என்னும் திருத்தலம் இருக்கின்றது. அரவு தீண்டி மாண்ட வணிகனைத் திருஞானசம்பந்தப் பெருமான் உயிர்ப்பித்த தலம் அது என்பதை நாம் சமய பாடத்திற் கற்றிருக்கின்றோம். அவ்வூரில், இசையையே குலத் தொழிலாகக் கொண்ட இசைவேளாளர் குடும்பத்தில், 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 27ஆந் திகதி குப்புசாமிப் பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் மகவாக இவர் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம் என்பதாகும். ராஜரத்தினம் என்ற பெயர் பின்னர் வந்து நிலைத்தது.

தாய்மாமனாகிய திருமருகல் நடேச பிள்ளை அக்காலத்தில் பெயர் பெற்ற நாதஸ்வர வித்துவான். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆஸ்தான வித்துவானாக விளங்கியவர். சிறுவனைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டவரும் அவரே. ராஜரத்தினம் பிள்ளையின் பெயருக்கு முன் நிற்கும் எழுத்துக்களில் ஒன்று அவ்வூரையும் மற்றொன்று அம்மாமனையும் குறிப்பனவாகும். ஆனால் இளம் வயதிலேயே நடேச பிள்ளை காலமானார். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது பேரிழப்பு. அந்நிலையில் திருவாவடுதுறை மடம் கைகொடுத்தது. திருமூல நாயனார் தங்கித் திருமந்திரம் அருளிய தலமென்று போற்றப்படும் அத்திருவாவடுதுறையே பின்னர் அவருடைய ஊராயிற்று, பெயரோடும் ஒட்டிக்கொண்டது.

முதலில் அவர் கற்றது நாதஸ்வரம் அன்று, வாய்ப்பாட்டேயாம். பிடில் வாத்தியத்தில் இணையற்று விளங்கிய திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் அவர் பாட்டுப் பயின்றார். சிறு வயதிலேயே பாட்டுக் கச்சேரிகளும் செய்தார். பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளை முதலிய நாயனக்காரர்களிடம் குழலைக் கையிலெடுத்தார். இந்த வரிசையை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். வாத்தியத்தை மட்டும் கற்றவன் விரலால் வாசிப்பான். பாடிப் பழகியவனோ தொண்டையிலே நினைத்ததைக் குழலிலே தேடுவான். ராஜரத்தினம் பிள்ளை தம் வாழ்நாள் முழுவதும் தேடியது, மனிதக் குரலைப்போல் குழைந்து, ஆழ்ந்து, இழைந்து வரும் ஒரு நாதத்தையே என்று கூறினால் அது மிகையாகாது.

திமிரியும் பாரியும்

இங்கே வாத்தியத்தைப் பற்றிச் சிறிது கூறாமல் மேலே செல்ல இயலாது. நாதஸ்வரத்தின் நடுப்பகுதியாகிய மரக்குழலை உலவு என்பர். அது மேலே குறுகிக் கீழே விரிந்து செல்வது. அதன் அடியிற் பொருத்தப்படும் விரிந்த வாய்ப் பகுதி அணசு எனப்படும். மேலே கெண்டை என்னும் சிறு உலோகக் குழாயைச் செருகி, அதிலே நாணற் புல்லின் தட்டையால் ஆன சீவாளியைப் பொருத்தி ஊதுவர். விரல் வைக்கும் துளைகள் ஏழு. அவற்றின் கீழே சுருதியைச் சரிசெய்வதற்கென்று ஐந்து துளைகள் உண்டு. இவற்றில் வேண்டியவற்றை மெழுகால் அடைத்துக்கொள்வர். மரத்துள் ஆச்சா மரமே சிறந்தது. அதுவும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல ஆண்டு உலர்ந்து முதிர்ந்த உத்திரக் கட்டைகளையே தச்சர்கள் தேடி வாங்குவர்.

இவ்வாத்தியத்தில் இரு வகை உண்டு. ஒன்று திமிரி, மற்றது பாரி. திமிரி குட்டையானது, நாலு கட்டை, ஐந்து கட்டை என்னும் உயர்ந்த சுருதியில் ஒலிப்பது. பாரி நீண்டது; இரண்டரை அடியளவும் அதற்கு மேலும் இருப்பது; இரண்டு, இரண்டரைக் கட்டை போன்ற தாழ்ந்த சுருதியில் ஒலிப்பது. முற்காலத்தில் கோவில்களிலும் வீதிகளிலும் பெரிதும் கேட்டது திமிரியின் ஓசையே. அதற்குக் காரணம் உண்டு. ஒலிபெருக்கி இல்லாத நாளில், சுவாமி புறப்பாட்டின் முன்னே நடந்துகொண்டு, நாலு வீதியும் கேட்க ஊதவேண்டியவனுக்குக் கூர்மையான உயர்ந்த ஓசையே துணையாயிற்று. மெல்லிய நுணுக்கங்களை அங்கே யார் கேட்பார்?

குழல் நீண்டால் ஓசை ஏன் தாழ்கின்றது என்பதை விஞ்ஞான பாடம் கற்கும் நம் இளைஞர் அறிவர். குழலினுள்ளே அதிர்கின்ற காற்றுத் தம்பம் நீளுந்தோறும் அதிர்வின் வேகம் குறைகின்றது. நீளத்தை இரட்டித்தால் அதிர்வு பாதியாகி, சுரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். தேவாலயங்களில் உள்ள பெரிய குழாய் ஓர்கனைக் கண்டவர்கள், எட்டடிக் குழாயின் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே பதினாறடிக் குழாய் முழங்குவதைக் கேட்டிருப்பர். உயர்ந்த சுரம் காதைத் தொடுகின்றது. தாழ்ந்த சுரமோ நெஞ்சுக் கூட்டையே அதிரச் செய்கின்றது.

தாழ்ந்த ஒலியைத் தேடிய மனிதர் மேல்நாட்டிலும் இருந்தனர். பெல்ஜியம் நாட்டின் தினாந் நகரில் 1814இல் பிறந்த அடோல்ப் சாக்ஸ் என்பவர் வாத்தியம் செய்யும் ஒருவரின் மகன். பித்தளையின் வலிமையையும் மரக்குழலின் குழைவையும் ஒன்று சேர்க்க முயன்று, 1846இல் பாரிஸ் நகரில் அவர் உரிமைப் பத்திரம் பெற்ற வாத்தியமே சாக்ஸபோன். அவர் முதன்முதலிற் செய்து காட்டியது இன்று நாம் படங்களிற் காணும் சிறிய சாக்ஸபோன் அன்று. தாழ்ந்த சுருதியுடைய பெரிய வாத்தியமேயாகும். அக்குடும்பத்தில் கொன்ட்ராபாஸ் எனப்படுவது ஆளுயரத்துக்கும் மேலாக நிற்பது. சாதாரண ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கு இரண்டு ஸ்தாயி கீழே அது ஒலிக்கும். அதற்கும் கீழே சப்கொன்ட்ராபாஸ் என்ற ஒன்றையும் இக்காலத்தில் செய்திருக்கின்றனர். வழக்குகளாலும் கடனாலும் நொந்து, 1894இல் வறுமையிலேயே சாக்ஸ் மறைந்தார். கண்டவன் வாழவில்லை; கண்ட வாத்தியம் உலகெங்கும் வாழ்கின்றது. அந்தச் சாக்ஸபோனிலேயே நம் கர்நாடக சங்கீதத்தை வாசித்துக் காட்டி, 2019இல் அமரரான கத்ரி கோபால்நாத் அவர்களும் ஒரு நாதஸ்வரக் கலைஞரின் மகனே என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

பாரியை நிலைநாட்டியமை

நம் நாட்டில் அவ்வாறு தாழ்ந்த நாதத்தைத் தேடியவர் ராஜரத்தினம் பிள்ளை. பாட்டுக்காரர் பாடும் சுருதிக்கும், தம்புராவின் மீட்டுக்கும் இசைந்து நிற்கக்கூடிய நாயனம் அவருக்கு வேண்டியிருந்தது. திருவாவடுதுறைக்கு அண்மையில் நரசிங்கம்பேட்டை என்னும் சிற்றூர் இருக்கின்றது. நாதஸ்வரம் கடைவதையே தொழிலாகக் கொண்ட ஆசாரிமார் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் அது. அங்கிருந்த ரங்கநாதன் ஆசாரியும் இவரும் கூடி முயன்றதன் பயனாகவே, இன்று நாம் எங்கும் காணும் பாரி நாயனம் செம்மை பெற்றது.

முயற்சி எளிதன்று. குழலை நீட்டினால் துளைகள் ஒன்றுக்கொன்று விலகிப்போகும். விரல்கள் எட்ட வேண்டும். மூச்சும் அதிகம் வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது சுத்த மத்திமம். பழைய நாயனங்களில் அச்சுரம் தானாகச் சரியாக நிற்பதில்லை. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் அதனை வருத்தி வரவழைக்க வேண்டியிருந்தது. துளைகளின் இடத்தையும் அளவையும் உட்குடைவையும் மாற்றி மாற்றிப் பார்த்து, சுத்த மத்திமம் சுத்தமாகவே ஒலிக்கும் குழலை ஆசாரியார் கடைந்து கொடுத்தார். வித்துவானின் செவியும் தச்சனின் கையும் இவ்வாறு ஒன்றுபட்டன. பெருமையெல்லாம் ஊதியவருக்கே போவது உலக வழக்கு. நாமோ கடைந்தவரையும் மறத்தலாகாது. அந்நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தமை, அத்தொழிலாளர் கூட்டத்துக்குக் காலந்தாழ்த்தியேனும் கிடைத்த மரியாதையாகும்.

ஒலிபெருக்கியும் அக்காலத்தில் வந்து சேர்ந்தது. இனி வீதிக்காகக் கத்த வேண்டிய தேவையில்லை. மென்மையாக ஊதினாலும் கடைசி வரிசையிலிருப்பவன் கேட்பான். பாரியின் ஆழமும் ஒலிபெருக்கியின் வீச்சும் சேர்ந்தபோது, நாதஸ்வரம் கோவில் வாசலைக் கடந்து சங்கீத சபைக்குள் நுழைந்தது. பக்கத்தில் நின்று ஒரே சுரத்தை இடைவிடாது ஊதும் ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டதும் இவர் செய்த மாறுதல்களில் ஒன்று.

தோடியின் தனியரசர்

ராஜரத்தினம் பிள்ளை என்றவுடன் தோடி ராகமே நினைவுக்கு வரும். தோடி எளிய ராகமன்று. அதில் வரும் ரிஷபம், காந்தாரம், மத்திமம், தைவதம், நிஷாதம் ஆகிய ஐந்தும் தாழ்ந்த வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் அசைந்தும் குழைந்தும் வரவேண்டும்; அசைவு சிறிது தவறினாலும் ராகம் நிறம் மாறிவிடும். துளையிட்ட குழலில் அந்த அசைவுகளை விரலின் பாதித் திறப்பாலும் மூச்சின் அழுத்தத்தாலும் கொண்டுவர வேண்டும். திமிரியின் கீச்சுக் குரலில் இதனைச் செய்தால் அழுகை போலிருக்கும். பாரியில் அவர் செய்தபோதோ அது தியானமாயிற்று.

கொலம்பியா நிறுவனத்தார் வெளியிட்ட அவருடைய தோடி இசைத்தட்டு தென்னாடெங்கும் பரவியது. கீர்த்தனமோ பாட்டோ இன்றி, சொல் எதுவுமின்றி, ஆலாபனை மட்டுமேயுள்ள ஒரு தட்டினைச் சங்கீதம் கற்றவரும் கல்லாதவரும் விரும்பிக் கேட்டனர். சில நிமிடங்களே சுழலும் அத்தட்டில் அடங்கியது ஒரு துளியே. திருவிழா இரவுகளில் ஒரே ராகத்தை மணிக்கணக்காக அவர் விரித்தார். வாய்ப்பாட்டு வித்துவான்களும் அவருடைய ராக ஆலாபனையைக் கேட்டுத் தம் பாட்டை வளப்படுத்திக்கொண்டனர். ஜி. என். பாலசுப்பிரமணியம் அவர்களுடைய ராக ஆலாபனையில் இவருடைய சாயல் உண்டென்பதைச் சங்கீத உலகம் நன்கறியும். பாட்டிலிருந்து நாயனத்துக்கு வந்தவர், நாயனத்திலிருந்து பாட்டுக்கே திருப்பிக் கொடுத்தார்.

அவருக்குத் தவில் வாசித்தவர்களுள் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலைசிறந்தவர். அவருடன் இணைந்து ஊதிப் பயின்ற காருக்குறிச்சி அருணாசலம் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்றார். 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் ஒலித்த நாதஸ்வரம் அவருடையதே. 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர் இயக்கிய ‘காளமேகம்’ படத்தில் ராஜரத்தினம் பிள்ளையே கவி காளமேகமாக நடித்துப் பாடினார் என்பது நம் இளைஞருக்குப் புதுமையாகத் தோன்றலாம்.

தலை நிமிர்ந்த கலைஞன்

இனி நாம் சொல்லப்போவது அவருடைய இசையைக் காட்டிலும் நமக்கு இன்றியமையாதது.

அக்காலத்தில் நாயனக்காரரின் நிலை யாது? சுவாமிக்கு முன்னால் ஊதுகின்றவர் அவர்; ஆனால் செல்வர் வீட்டுத் திண்ணையில் அமர அவருக்கு உரிமையில்லை. மேல்வேட்டியைத் தோளிலே போடலாகாது. இடுப்பிலே கட்டிக்கொள்ள வேண்டும். பந்தலில் மற்ற வித்துவான்கள் மேடையில் இருந்து பாட, இவர் நின்றுகொண்டும் நடந்துகொண்டுமே வாசிக்க வேண்டும். கச்சேரி தொடங்குமுன் மங்கல இசைக்கு மட்டுமே அவர் தேவைப்பட்டார், கச்சேரிக்கு அல்லர். சங்கீதம் ஒன்றாயிருக்க, சாதியினாலே சங்கீதக்காரர் உயர்வு தாழ்வாகப் பிரிக்கப்பட்டிருந்தனர்.

ராஜரத்தினம் பிள்ளை இதற்கு இணங்கவில்லை. குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்துக்கொண்டார். கோட்டும், ஷெர்வானியும், காற்சட்டையும், சப்பாத்தும் அணிந்து வந்தார். நாதஸ்வரக்காரனுக்கு இத்தனை ஆடம்பரம் ஏன் என்று முணுமுணுத்தவர் பலர். ஆடம்பரப் பிரியம் அவருக்கு உண்டென்பதும் உண்மையே. ஆயினும் அவ்வாடையில் வேறொரு பொருளும் அடங்கியிருந்தது. இடுப்பிலே துண்டு கட்டு என்று உத்தரவிட்ட சமூகத்துக்கு அவர் அணிந்த கோட்டு விடையாயிற்று. மேடையிட்டு, அதில் அமர்ந்தே வாசிக்கும் வழக்கத்தை அவர் உறுதியாக நிலைநாட்டினார். மற்ற வித்துவான்களுக்குரிய இருக்கையும் மரியாதையும் சன்மானமும் நாயனத்துக்கும் உண்டென்பதை வாதத்தால் அல்ல, வாசிப்பால் ஒப்புக்கொள்ளச் செய்தார். அன்று அவர் பிடிவாதம் பிடித்திராவிட்டால், பின்வந்த நாதஸ்வர வித்துவான்கள் மேடையில் அமர இன்னும் எத்தனை காலம் சென்றிருக்குமோ!

இவ்விடத்திலே பாரி நாயனத்தை மீண்டும் நினைக்கின்றோம். வீதியிலே நடப்பவனுக்குத் திமிரி ஏற்றது. அமர்ந்து வாசிப்பவனுக்கே பாரி ஏற்றது. ஆகவே சுருதியைத் தாழ்த்தியதும் கலைஞனின் இருக்கையை உயர்த்தியதும் அவரிடத்தில் ஒரே செயலின் இரு பக்கங்களாக அமைந்தன.

1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆந் திகதி, இந்திய சுதந்திரத்தின் முன்னிரவில், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் புது டில்லிக்குச் சென்ற தூதுக்குழுவினர் ஜவாஹர்லால் நேரு அவர்களுக்குச் செங்கோல் வழங்கியபோது, உடன் சென்று நாதஸ்வரம் வாசித்தவர் ராஜரத்தினம் பிள்ளையே. திண்ணையில் அமரக்கூடாதென்று சொல்லப்பட்ட குலத்திற் பிறந்தவரின் நாயனம், ஒரு தேசத்தின் விடுதலைக்கு மங்கல இசையாயிற்று.

இதனை எழுதும்போது நம் மலையகத்தின் கதையும் நம் நினைவுக்கு வாராமற் போகாது. அடுத்த ஆண்டாகிய 1948இல் இலங்கையும் சுதந்திரம் பெற்றது. ஆனால் அவ்வாண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நம் முன்னோரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய சீமைகளிலிருந்து வந்து, கோப்பியும் தேயிலையும் நட்டு இம்மலைகளை வளமாக்கியவர்கள், இடுப்பிலே துண்டைக் கட்டிக்கொண்டு துரையின் முன்னும் கங்காணியின் முன்னும் நின்றவர்களே. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை அக்குறையின் எச்சம் தொடர்ந்தது. அவமதிப்பு என்பது நமக்கு ஏட்டிற் படித்த செய்தியன்று. ஆதலால், தலை நிமிர்ந்த ஒரு கலைஞனின் வாழ்வை வேறெவரினும் நாம் நன்கு விளங்கிக்கொள்ள முடியும்.

குறையும் நிறைவும்

பெரியோரின் வரலாற்றை எழுதுவோர் குறைகளை மறைத்தல் வழக்கம். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. ராஜரத்தினம் பிள்ளை எளிதில் அணுகக்கூடியவர் அல்லர். குறித்த நேரத்துக்கு வராமற் கச்சேரிக்காரரைத் தவிக்கவிட்டதும் உண்டு. கோபமும் செருக்கும் அவரிடம் இருந்தன. மதுப்பழக்கமும் அவரைப் பற்றியிருந்தது. வந்த பொருளை வாரி வழங்கினார், வாரி இறைக்கவும் செய்தார், சேர்த்து வைத்தாரல்லர். இளைஞர்கள் அவருடைய சுயமரியாதையைக் கைக்கொள்ளட்டும். மதுவைக் கைக்கொள்ள வேண்டியதில்லை. நம் தோட்டங்களில் எத்தனை குடும்பங்களின் உழைப்பு சாராயத்திற் கரைகின்றது என்பதை நாம் அறிவோம். அவ்வளவு பெரிய மேதையின் உடலையே அப்பழக்கம் விட்டுவைக்கவில்லையெனின், மற்றவர் கதி என்னாகும்?

1956ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12ஆந் திகதி, சென்னையில் மாரடைப்பினால் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்போது அவருக்கு வயது 58. சென்னை இராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் பெயரால் ஒரு கலையரங்கம் நிற்கின்றது. அதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் ஒன்று நம்மூரிலேயே உண்டு. இன்று எந்தக் கோவிலில் நீண்ட பாரி நாயனம் ஒலித்தாலும், அது அவர் நிலைநாட்டிச் சென்ற ஒலியேயாகும்.

நம் கடமை

இவ்வரலாற்றைப் படித்து மகிழ்ந்து மலரை மூடி வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. நம் ஆலயத் திருவிழாக்களுக்கு வெளியூரிலிருந்து வித்துவான்கள் வருகின்றனர். குளிரும் மழையும் மிகுந்த இம்மலையிலே, இரவெல்லாம் அம்பாளுக்கு முன்னால் நடந்து ஊதுகின்றனர். அவர்கள் அமர நல்ல ஆசனமும், உடை மாற்றத் தனியிடமும், பருகச் சுடச்சுடத் தேநீரும், பேசிய சன்மானம் பேசியபடியே உரிய வேளையிலும் கிடைக்கின்றனவா என்று ஒவ்வோர் ஆலய பரிபாலன சபையினரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். ஒலிநாடாவும் இறுவட்டும் கைத்தொலைபேசியும் வந்துவிட்ட பின்னர், செலவைச் சுருக்கும்பொருட்டு நாயனத்தையே நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கியில் பதிவிசையைப் போட்டுவிடும் வழக்கம் சில இடங்களில் தலைகாட்டுகின்றது. பதிவான தோடியைக் கேட்டு இன்புறலாம். ஆனால் அம்பாளின் புறப்பாட்டைப் பார்த்து, அவள் நின்றால் நின்று, நடந்தால் நடந்து மல்லாரி வாசிக்க எந்த இயந்திரத்தாலும் இயலாது.

மற்றொன்றும் கூறவேண்டும். நாயனக்காரரைப் போலவே நம்மிடையே தப்பு அடிக்கும் கலைஞர் இருக்கின்றனர். அக்காலத்தில் விடியற்காலையிற் பிரட்டுக்கு ஆட்களை எழுப்பியதும் தப்பு. காமன் கூத்துக்கும், கரகத்துக்கும், இறுதி யாத்திரைக்கும் ஒலிப்பதும் தப்பு. இம்மலையில் நம் மக்களின் இன்பத்திலும் துன்பத்திலும் கூடவே வந்த அவ்வாத்தியத்தை அடிப்பவரை, அடித்து முடித்ததும் வாசலுக்கு வெளியே நிறுத்திவைப்பது எந்தச் சமயத்தின் தர்மம்? தஞ்சாவூரில் நாயனக்காரருக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் படித்துக் கண்கலங்கும் நாம், நம் லயத்து வாசலில் தப்புக்காரருக்கு இழைக்கும் அநீதியைக் காணாதிருத்தல் பொருந்துமா? அவருக்கும் ஒரு நாற்காலி போடுவோம். அதற்குச் சட்டமும் வேண்டியதில்லை; பெருஞ் செலவும் இல்லை.

இளைஞருக்கு ஒரு வேண்டுகோள். உங்களிலே இருவர் மூவராயினும் நாதஸ்வரமோ, தவிலோ, பண்ணிசையோ முறையாகக் கற்க முன்வாருங்கள். உத்தியோகம் பார்த்துக்கொண்டும், கொழுந்து மலையில் உழைத்துக்கொண்டும், மாலை வேளையிற் கற்கலாம். அது தாழ்ந்த தொழில் என்று எவரேனும் கூறினால், பாரி நாயனத்தைக் கையில் ஏந்தி, கோட்டணிந்து, மேடையில் நிமிர்ந்து அமர்ந்த ஒரு மனிதரின் வரலாற்றை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ராஜரத்தினம் பிள்ளையின் புகழ் நீடு வாழ்க! நாயனம் கடைந்தோரும் ஊதுவோரும் மரியாதையோடு வாழ்க!